மூடிய மலைத்தடத்தை அழிக்க வேண்டாம்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியும் முறை

காட்டுக்குள் போகும் ஒற்றையடிப்பாதை ஒன்றை வனத்துறை மூடிவிட்டது என்று தெரிந்ததும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து டிலீட் அழுத்தத்தான் கை போகும். எண்ணம் நல்லதுதான், பலன்தான் தலைகீழாக வரும். செயற்கைக்கோள் படத்தில் தடம் இன்னும் தெரிகிறது. ஆட்கள் நடந்தும் ஓடியும் பதிந்த வழிகளைக் காட்டும் ஸ்ட்ராவா ஹீட்மேப்பில் பளிச்சென்று ஒளிர்கிறது. மூடிய செய்தி அறியாத இன்னொரு மேப்பர் (வரைபடம் திருத்துபவர்) சில மாதம் கழித்து வந்து, 'இதை யாரும் வரையவே இல்லையே' என்று புதிதாக வரைந்து ஏற்றிவிடுவார். பழைய கோட்டில் இருந்த பெயரோ குறிப்போ தடையோ புதுக்கோட்டில் இருக்காது. மூடிய பாதை, எந்தத் தடையும் இல்லாத திறந்த பாதையாக மறுபிறவி எடுத்துவிடும். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் அதை அப்படியே எடுத்து ஆட்களை அந்த வழியே அனுப்பும்.

தரையில் தடம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதில் நடக்க அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனி டேக் உண்டு. டேக் என்பது கோட்டில் ஒட்டும் 'பெயர்=மதிப்பு' என்ற குறிப்பு. 'அனுமதி இல்லை' என்பதைச் சொல்லத் தடத்தையே அழிப்பதும், 'தடம் புதர் மண்டிவிட்டது' என்பதைச் சொல்ல அனுமதி மறுப்பு டேக் போடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். மூடிய தடம் வரைபடத்தில் இருப்பதால் பயனும் உண்டு. காட்டுத்தீயோ, வழி தவறிய ஆளோ என்றால் மீட்பவர்களுக்கு அந்தக் கோடுதான் கைகொடுக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு, எந்தத் தடத்தில் யார் போகலாம் என்பது தமிழ்நாட்டில் விதிகளாக வந்தது. அந்த விதியை வரைபடமும் சரியாகச் சொல்ல வேண்டும்.

படிக்கும் முன் ஒரு விஷயம். டேக்குகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் (வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். பருவ மூடலின் காலக் குறிப்பு மட்டும் விலக்கு, அதன் முறை பின்னால் வருகிறது. அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு, முக்காற்புள்ளி இருக்கும் இடத்தில் முக்காற்புள்ளி.

முதலில் தரை: தடம் உண்மையில் இருக்கிறதா?

நடமாட்டம் உள்ள, கண்ணுக்குத் தெரியும் தடம் என்றால் ஹைவே=பாத். இங்கே 'ஹைவே' என்பது எல்லா வழிக்கும் பொதுப்பெயர். ஜீப் போகும் அகலம் என்றால் ஹைவே=ட்ராக். மூடியிருந்தாலும் இதை மாற்றக் கூடாது. வனக்காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் தினமும் ரோந்து போகும் தடம் பொதுமக்களுக்கு மூடியதாக இருக்கலாம், ஆனால் அது செத்த பாதை இல்லை.

பயன்பாடு நின்றுபோய், கொஞ்சம் செதுக்கினால் மறுபடி நடக்கலாம் என்ற நிலையில் உள்ள தடத்துக்கு டிஸ்யூஸ்டு:ஹைவே=பாத். உண்ணிச்செடி மூடி, கல் சரிந்து, பெரிய வேலை செய்தால்தான் மீளும் என்றால் அபாண்டன்டு:ஹைவே=பாத் (abandoned). இரண்டிலும் பழைய 'ஹைவே' டேக்கை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் முன்னொட்டோடு கூடிய புது டேக்கைப் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் செயலிகள் 'ஹைவே'யை மட்டும் படித்துக்கொண்டு வழக்கம்போல் வழி சொல்லும். முன்னொட்டு போட்ட கோடு பொது வரைபடத்தில் பாதையாகத் தெரியாது, வழிகாட்டும் செயலியும் எடுத்துக்கொள்ளாது. எடிட்டரைத் திறக்கும் அடுத்த மேப்பருக்கு மட்டும் தெரியும். அவர் அதைப் பார்ப்பதால்தான் மறுபடி வரைய மாட்டார்.

மண்சரிவில் அடித்துப் போய் சுவடே இல்லாத துண்டு என்றால் அழிக்கலாம். ஆனால் எடிட்டரில் பின்னணியாக வரும் வான்படம் சரிவுக்கு முந்தையதா என்று முதலில் பாருங்கள். முந்தையது என்றால் படத்தில் பாதை இன்னும் 'இருக்கும்'. அந்தப் படம் மாறும் வரை ரேஸ்டு:ஹைவே=பாத் (razed, சுவடில்லாமல் போனது) என்று விட்டு, நோட் டேக்கில் சரிவு நடந்த மாதமும் ஆண்டும் எழுதிவையுங்கள். சரிந்த துண்டுக்கு மட்டும்தான் இது. மேலும் கீழும் உள்ள நல்ல தடத்தைத் தொடக் கூடாது.

ட்ரெயில்_விசிபிலிட்டி என்ற டேக்கும் இங்கே உதவும். எக்ஸலென்ட், குட், இன்டர்மீடியட், பேட், ஹாரிபிள், நோ என்று ஆறு படி. தடம் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை மட்டும் இது சொல்லும். கடினமா, ஆபத்தா என்பதைச் சொல்லாது, அதற்கு மலைத்தடத்தின் கடினத்தைச் சொல்லும் சாக்_ஸ்கேல் (sac_scale) இருக்கிறது.

வான்படத்தில் பாதைபோலத் தெரியும் எல்லாம் பாதை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று ஏமாற்றுக் கோடுகள் அடிக்கடி வரும். முதலாவது தீத்தடுப்புக் கோடு. கோடை வருமுன் புல்லை வெட்டி, எரித்துச் சுத்தம் செய்த பட்டை, மேட்டையும் பள்ளத்தையும் பொருட்படுத்தாமல் நேராக ஏறி இறங்கும். இதற்கு மேன்_மேட்=கட்லைன், கட்லைன்=ஃபயர்பிரேக். அதன்மேல் தேய்ந்த தடம் இருப்பது தெரிந்தால் மட்டும் தனியாக ஒரு பாத். இரண்டாவது யானையும் மாடும் போட்ட தடம். நீர்நிலையை நோக்கி விசிறிபோல் பல கோடுகள் கூடும், பாதியில் காணாமல் போகும். மூன்றாவது வறண்ட ஓடை. இவற்றில் எதையாவது யாரோ பாதை என்று வரைந்திருந்தால், அதுதான் தயங்காமல் அழிக்க வேண்டிய கோடு. இல்லாத பாதைக்கு 'மூடப்பட்டது' என்று டேக் போடுவது அதை இருப்பதாக ஒப்புக்கொள்வதாகிவிடும்.

ஒரே வழியில் நிலைமை துண்டுக்குத் துண்டு மாறலாம். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு நோக்கிப் போன பழைய சாலை நல்ல உதாரணம். பேரிஜம் ஏரி வரை வனத்துறை அனுமதிச் சீட்டோடு வண்டிகள் போகின்றன. அதற்கு அப்பால் 1990-லிருந்து பொதுமக்களுக்கு மூடியிருக்கிறது. இப்படிப்பட்ட சாலை முழுவதற்கும் ஒரே டேக் போட்டால் எங்காவது ஓரிடத்தில் பொய்யாகத்தான் இருக்கும்.

அடுத்து அனுமதி: எந்தச் சொல் எதற்கு?

'ஆக்சஸ்' என்பது எல்லோருக்கும், எல்லா வாகனத்துக்கும் பொதுவான டேக். 'ஃபுட்' என்பது நடப்பவர்களுக்கு மட்டும். குறிப்பான டேக் பொதுவானதை மிஞ்சும் என்பது விதி. புதியவர்கள் விழும் பெரிய பள்ளம் இதுதான். பாதையில் ஏற்கெனவே ஃபுட்=யெஸ் அல்லது ஃபுட்=டெசிக்னேட்டட் (நடப்பவர்களுக்கென்றே குறித்தது) இருக்கும், அதைக் கவனிக்காமல் ஆக்சஸ்=நோ சேர்த்துவிட்டுப் போவார்கள். செயலி என்ன படிக்கும்? 'யாரும் போகக் கூடாது, நடப்பவர்கள் போகலாம்.' தடை போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே வழி திறந்து கிடக்கும். எனவே ஆக்சஸ் போடும்போது ஃபுட், பைசிக்கிள், ஹார்ஸ், மோட்டார்_வெஹிக்கிள் நான்கையும் பாருங்கள். மறுபக்கமாக, ஃபுட்=நோ மட்டும் போட்டால் மலைச்சைக்கிள்காரர்களுக்குத் தடை இல்லை என்றாகிவிடும். முழு மூடல் என்றால் ஆக்சஸ்=நோவும் ஃபுட்=நோவும் சேர்ந்தே இருக்கட்டும். ஆக்சஸை மட்டும் அல்லது ஃபுட்டை மட்டும் படிக்கும் செயலிகள் இரண்டுக்கும் அது பொருந்தும்.

மதிப்புகளில் 'நோ' என்றால் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 'பிரைவேட்' என்றால் உரிமையாளரோ நிர்வாகமோ தனித்தனியே அனுமதித்தவர்களுக்கு மட்டும். 'பெர்மிட்' என்றால் விண்ணப்பித்தால் வழக்கமாகக் கிடைக்கும் சீட்டோடு யாரும் போகலாம். தமிழ்நாட்டில் இந்த மூன்றாவது முக்கியம். 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 தடங்கள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். இவற்றை 'யெஸ்' என்று போட்டால் சீட்டு இல்லாமல் ஆள் வந்து நிற்பார். 'நோ' என்று போட்டால் சீட்டு வாங்கியவருக்கும் செயலி வழி காட்டாது. ஃபுட்=பெர்மிட் போட்டு, நடத்துபவரின் பெயரை ஆபரேட்டர் டேக்கிலும் முன்பதிவுத் தளத்தின் முகவரியை வெப்சைட் டேக்கிலும் சேர்த்துவிட்டால் விஷயம் முடிந்தது.

'டிஸ்கரேஜ்ட்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறாகப் பயன்படுவது இதுதான். போக உரிமை உண்டு, ஆனால் போகாமல் இருப்பது நல்லது என்று அதிகாரப்பூர்வமான பலகை சொல்கிறது. அந்த ஒரு நிலைக்குத்தான் இந்தச் சொல். 'எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது', 'அட்டை அதிகம்', 'இங்கே ஆட்கள் போனால் காடு கெடும்' என்பதெல்லாம் மேப்பரின் கருத்து. கருத்துக்கு டேக் கிடையாது. வழுக்கல், செங்குத்து என்றால் சாக்_ஸ்கேல் சொல்லட்டும். பாறை விழும் இடம் என்று பலகை இருந்தால் ஹசார்ட் டேக் இருக்கிறது. இங்கிலாந்து போல நடைபாதை உரிமை சட்டத்திலேயே உள்ள நாடுகளில் டிஸ்கரேஜ்டுக்கு நிறைய வேலை. நம் காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் நிலைமை வேறு. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதியின்றி நுழைவதையே குற்றமாக்குகின்றன. அங்கே 'தவிர்க்கவும்' என்று பலகை பணிவாகப் பேசினாலும் பொருள் பெரும்பாலும் 'நோ'தான். கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே ஆட்கள் போட்ட குறுக்கு வழிகள், கோயில் மலைகளில் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே தேய்ந்த மண் தடங்கள் ஆகியவற்றுக்கு, அறிவுரைப் பலகை இருந்தால், டிஸ்கரேஜ்ட் பொருந்தும். அவற்றுக்கு இன்ஃபார்மல்=யெஸ் கூடச் சேருங்கள். இன்ஃபார்மல் என்பது தடை இல்லை. 'இதை யாரும் அமைக்கவில்லை, நடந்து நடந்து வந்தது' என்ற தகவல் மட்டுமே.

காட்டுக்குள் குடியிருப்புக்குப் போகும் பாதைகளில் கூடுதல் கவனம் வேண்டும். காணி, பளியர், முதுவர் ஊர்கள் பலவற்றுக்கு ஒற்றையடிப்பாதைதான் சாலை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்கு அங்கே உரிமை உண்டு. வெளியாட்களுக்குத் தடை என்பதற்காக அந்தப் பாதைக்கு 'நோ' போட்டால், ஊரே வரைபடத்தில் துண்டிக்கப்பட்டுவிடும். தடுப்பூசிக்கு வரும் செவிலியருக்கும் வாக்குப்பெட்டி சுமப்பவருக்கும் வழி கிடைக்காது. ஃபுட்=பிரைவேட் போட்டு, டிஸ்கிரிப்ஷன் என்ற விளக்க டேக்கில் 'குடியிருப்போருக்கும் அனுமதி பெற்றோருக்கும் மட்டும்' என்று எழுதுவதே சரி.

எடிட்டரில் செய்யும் வரிசை

உலாவியில் திறக்கும் ஐடி (iD) எடிட்டரோ, கணினியில் நிறுவும் ஜேஓஎஸ்எம்மோ (JOSM), வேலை ஒன்றுதான். கோட்டைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் அதன் வரலாற்றைத் திறந்து படியுங்கள். யாராவது ஏற்கெனவே மூடிப் பின் திறந்திருக்கலாம், அதற்குச் சேஞ்ச்செட் (ஒரே தடவையில் ஏற்றிய திருத்தங்களின் தொகுப்பு) குறிப்பில் காரணம் இருக்கலாம். படிக்காமல் மாற்றினால் இழுபறி அங்கேயே தொடங்கிவிடும்.

பிறகு மூடல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துக் கோட்டை வெட்டுங்கள். வெட்டும் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஐடியில் எக்ஸ் விசை, ஜேஓஎஸ்எம்மில் பி விசை. 8 கிலோமீட்டர் தடத்தில் கடைசி 1.2 கிலோமீட்டர்தான் மூடியிருக்கிறது என்றால், வெட்டாமல் டேக் போட்டால் 8 கிலோமீட்டரும் மூடிவிடும். பலகையிலோ கேட்டிலோ வெட்டுவது பொது வழக்கம். ஆனால் பலகை கிளைப்பாதை பிரியும் இடத்துக்கு முன்பே நின்றால், அது எந்தக் கிளையைச் சொல்கிறது என்று வாசகத்தைப் படித்து முடிவு செய்யுங்கள். இரண்டு முனையும் திறந்த பாதையில் சேரும் தடம் என்றால் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் பலகை இருப்பது சகஜம்.

மாநில எல்லை ஒரு முக்கியமான வெட்டுப் புள்ளி. அகத்தியமலைக்குக் கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் மட்டும் சீட்டு கொடுத்து அனுமதிக்கிறார்கள். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஏற அனுமதி இல்லை. ஒரே சிகரம், இரண்டு விதி. எல்லைக்கோட்டில் வெட்டாவிட்டால் ஒரு பக்கத்து விதி மறுபக்கம் வழிந்துவிடும்.

வெட்டிய துண்டுக்கு டேக்குகளைப் போடுங்கள். முழுதும் மூடிய, ஆனால் தரையில் நன்றாக இருக்கும் தடத்துக்கு இவ்வளவு போதும்:

ஹைவே=பாத்
ஆக்சஸ்=நோ
ஃபுட்=நோ
சோர்ஸ்:ஆக்சஸ்=பலகை அல்லது அறிவிப்பு, தேதியோடு
செக்_டேட்:ஆக்சஸ்=ஆண்டு-மாதம்-நாள்
நோட்=அழிக்க வேண்டாம், தடம் தரையில் உள்ளது, அனுமதி மட்டும் இல்லை

செக்_டேட் என்பது கடைசியாகச் சரிபார்த்த நாள். நோட் என்பது மேப்பர்களுக்கு. டிஸ்கிரிப்ஷன் என்பது வரைபடம் பார்ப்பவர்களுக்கு. 'யானை நடமாட்டம் காரணமாக மூடல்' என்பது டிஸ்கிரிப்ஷனில் வரலாம், 'மறுபடி வரைய வேண்டாம்' என்பது நோட்டில்தான் வர வேண்டும். டிஸ்கிரிப்ஷனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி மொழி ஒட்டோடு எழுதினால் வெளியூர்க்காரருக்கும் புரியும். பெயர் டேக்கில் 'மூடப்பட்டது', 'செல்லாதீர்' என்று எழுதுவது அடிக்கடி பார்க்கும் கொடுமை. பெயர் டேக் பெயருக்கு மட்டும். ஊர்க்காரர்கள் அந்தத் தடத்தை என்ன பெயரில் சொல்கிறார்களோ அது அப்படியே இருக்கட்டும்.

தடையாக நிற்கும் பொருளையும் வரையுங்கள். கேட் என்றால் பாதைக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி, பேரியர்=கேட். சோதனைச்சாவடியில் தூக்கும் கம்பம் என்றால் லிஃப்ட்_கேட். சூரிய மின்வேலிக்கு பேரியர்=ஃபென்ஸ் கோடு, ஃபென்ஸ்_டைப்=எலெக்ட்ரிக். யானைத் தடுப்பு அகழிக்கு பேரியர்=டிட்ச். வேலியோ அகழியோ பாதையை வெட்டும் இடத்தில் இரண்டு கோட்டுக்கும் பொதுவான ஒரு புள்ளி இருக்க வேண்டும். மேலோட்டமாகக் குறுக்கே கிடந்தால் செயலிக்கு அது தெரியாது. கேட்டை மட்டும் வரைந்துவிட்டுப் பாதைக்கு டேக் போடாமல் விடுவதும் போதாது. பல செயலிகள் கேட்டைத் தாண்டித் தாராளமாகப் போகும்.

தடம் ஏதாவது ஹைக்கிங் ரூட் ரிலேஷனில் (பல துண்டுகளை ஒரே நடைவழியாகச் சேர்க்கும் தொகுப்பில்) உறுப்பாக இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். நிர்வாகம் மாற்றுவழி அறிவித்திருந்தால் மூடிய துண்டை ரிலேஷனிலிருந்து எடுத்து மாற்றுவழியைச் சேருங்கள். மாற்றுவழி இல்லை என்றால் இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும். ஏற்றும்போது சேஞ்ச்செட் குறிப்பில் 'திருத்தம்' என்று ஒற்றைச் சொல் எழுதாமல், எந்தத் தடம், யார் மூடியது, எதை வைத்துத் தெரிந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள்.

பருவ மூடல்

மலையில் பெரும்பாலான மூடல் நிரந்தரம் இல்லை. இதற்கு ஃபுட்:கண்டிஷனல் என்ற டேக். எழுதும் முறை: மதிப்பு, இடைவெளி, '@' குறி, இடைவெளி, அடைப்புக்குள் காலம். மாதப் பெயர் ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, முதலெழுத்து பெரியது. தீக்காலத்தை முன்னிட்டு 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை ட்ரெக் தமிழ்நாடு தடங்கள் மூடப்பட்டன. அந்த வகை மூடல் இப்படி வரும்:

ஃபுட்=பெர்மிட்
ஃபுட்:கண்டிஷனல்=நோ @ (பிப் 15-ஏப் 15)

ஆண்டு போடாமல் எழுதினால் ஒவ்வோர் ஆண்டும் அதே தேதி என்று பொருள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்றால் இரு முனையிலும் ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள். காலாவதியான பிறகு அதை நீக்கும் பொறுப்பும் உங்களுடையது.

எதை அடிப்படை டேக்காக வைப்பது, எதைக் கண்டிஷனலில் வைப்பது? கண்டிஷனலைப் படிக்காத செயலிகள் நிறைய. அவை அடிப்படையை மட்டும் எடுக்கும். எனவே ஆண்டின் பெரும்பகுதி எது உண்மையோ அதுவே அடிப்படை. மேலே சொன்ன தடம் பத்து மாதம் சீட்டோடு திறந்திருப்பதால் அடிப்படை 'பெர்மிட்'. கோவை வெள்ளியங்கிரி மலையில் பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்கள் ஏற அனுமதி. அங்கே அடிப்படை ஃபுட்=நோ, கண்டிஷனலில் யெஸ் @ (பிப்-மே). மாற்றிப் போட்டால், கண்டிஷனல் படிக்காத செயலி அக்டோபர் மழையில் ஆளை ஏழாவது மலைக்கு அனுப்பிவிடும்.

இந்த எழுத்துமுறைக்குத் திதி தெரியாது. கிழமை, மாதம், அரசு விடுமுறை, ஈஸ்டர் எல்லாம் அதற்குப் புரியும். அமாவாசையும் பிரதோஷமும் புரியாது. சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாக ஏற, பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் அனுமதி இருந்தது. இப்படிப்பட்ட விதியைப் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி தேதியாகக் கண்டிஷனலில் அடுக்குபவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு எல்லாம் பொய்யாகிவிடும். ஃபுட்=பெர்மிட் போட்டு, விதியை டிஸ்கிரிப்ஷனில் வாக்கியமாக எழுதி, செக்_டேட் சேர்ப்பதுதான் நேர்மையான வழி. நீதிமன்ற ஆணையோ வனத்துறை அறிவிப்போ வந்தால் இத்தகைய விதிகள் மாறும். ஆகவே கேட்டில் தொங்கும் பலகையே கடைசிச் சொல்.

ஓரிரு நாள், ஓரிரு வாரம் மூடினால் எதையும் மாற்ற வேண்டாம். திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று மண்சரிவில் 7 பேர் இறந்த பிறகு, டிசம்பர் 13 தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. அந்த ஒரு நாள் தடை செய்தித்தாளுக்கு உரியது, வரைபடத்துக்கு அல்ல. கைப்பேசியில் இறக்கி வைத்த வரைபடம் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் பழையதாகவே இருக்கும். நீங்கள் போட்ட தடை பாதை திறந்த பிறகுதான் அவர்களைச் சேரும். ஆண்டுதோறும் திரும்பி வராத, மூன்று மாதத்துக்குக் குறைந்த மூடலைத் தொடாமல் விடுவதே எங்கள் கைக்கணக்கு.

ஆதாரம்

மூடிய தடத்துக்குள் போய்ப் பார்த்து வந்து 'மூடியிருக்கிறது' என்று பதிவதில் அர்த்தமில்லை. தடத்தின் தொடக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். பலகை, கேட், பூட்டு, வேலி எல்லாம் அங்கேதான் இருக்கும். பலகையின் முழு வாசகமும் படிக்கும்படி ஒரு படம், பலகையும் பாதையும் சேர்ந்து தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். இரண்டாவது இல்லாவிட்டால் எந்தக் கிளைக்கு அந்தப் பலகை என்ற சண்டை பின்னால் வரும். மரநிழலும் பள்ளத்தாக்கும் இருந்தால் கைப்பேசி ஜிபிஎஸ் 10 மீட்டருக்கு மேலும் விலகும். சோலைக்குள் ஒற்றைப் பதிவை நம்பி பழைய கோட்டை நகர்த்த வேண்டாம்.

வனத்துறை அறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் உத்தரவு, வனச்சரக அலுவலகத்தில் கேட்ட பதில் ஆகியவை செய்திக்கு ஆதாரம். ஆனால் துறை வெளியிட்ட வரைபடத்தையோ கூகுள் மேப்ஸையோ பார்த்துக் கோட்டை வரைவது உரிம மீறல். 'மூடியிருக்கிறது' என்ற தகவலை எடுக்கலாம், வளைவு நெளிவை எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படம், ஓர் ஆண்டு பழைய பயண வீடியோ இவை ஆதாரம் இல்லை. அந்த மாதிரி தகவல் கிடைத்தால் டேக்கை மாற்றாமல், வரைபடத்தின் மேல் ஒரு நோட் (நோட் டேக் இல்லை, தனியாக நிற்கும் குறிப்பு) குத்தி 'மூடியிருப்பதாகக் கேள்வி, அருகில் இருப்பவர் உறுதி செய்யவும்' என்று விடுங்கள்.

காப்புக்காட்டு எல்லைக்குள் இருக்கும் எல்லாப் பாதைகளையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்து ஆக்சஸ்=நோ போடும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். வரைபடத்தில் உள்ள எல்லைக்கோடு பல இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக் கிடக்கலாம். உள்ளே பேருந்துச் சாலை, கோயில் வழி, எஸ்டேட் வழி, ஊர் வழி எல்லாம் இருக்கும். மொத்தத் திருத்தத்தைச் சமூகத்தில் முன்கூட்டியே பேசாமல் செய்வது விதிக்கும் புறம்பு, யாராவது அப்படியே பின்னோக்கித் திருப்பிவிடுவார்கள்.

அழிக்கச் சொல்லி யாராவது கேட்டால்

வனத்துறை அலுவலரோ நில உரிமையாளரோ 'எங்கள் காட்டுப் பாதையை எடுங்கள்' என்று கேட்பது நியாயமான கவலையிலிருந்து வருவது. அவர்களுக்கு வேண்டியது ஆட்கள் வராமல் இருப்பது. கோடு இல்லாமல் போவது அதற்கான வழி இல்லை என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். தடையோடு கூடிய கோட்டைக் காட்டி, செயலி அந்த வழியே அனுப்புவதில்லை என்று அவர்கள் முன்பே சோதித்துக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பலகை இல்லாத இடத்தில் ஒரு பலகை வைக்கச் சொல்வதும் நல்லது. அதைவிடப் பலமான ஆதாரம் மேப்பருக்குக் கிடைக்காது.

வரையாமல் விட வேண்டியவையும் உண்டு. விலங்குக் குகை, அரிய பறவைக் கூடு, வேட்டைத் தடுப்பு முகாமின் கேமரா, பழங்குடியினர் வெளியாருக்குக் காட்டாத வழிபாட்டு இடம், இவற்றுக்கு மட்டும் போகும் கிளைத்தடத்தை முதலிலேயே சேர்க்காதீர்கள். யாரோ சேர்த்துவிட்டார் என்றால் சேஞ்ச்செட்டில் அவரிடம் பேசுங்கள்.

இன்னொரு மேப்பர் உங்கள் தடையை நீக்கிவிட்டால் உடனே திருப்பிப் போட வேண்டாம். அவர் சேஞ்ச்செட்டில் பலகைப் படத்தோடு ஒரு கேள்வி எழுதி, ஓரிரு வாரம் பொறுங்கள். பாதை திறந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். பதிலே இல்லாமல் மூன்றாவது முறையும் நீக்கினால்தான் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இத்தகைய சச்சரவுகளைத் தீர்க்கும் டேட்டா வொர்க்கிங் குரூப் வரை போக வேண்டும்.

திறந்த தடத்தைத் திறந்ததாக மாற்றுவதும் இதே வேலையின் பகுதி. ஆக்சஸ், ஃபுட் இரண்டையும் திருத்தி, நோட்டையும் காலாவதியான கண்டிஷனலையும் நீக்கி, செக்_டேட்டைப் புதுப்பியுங்கள். வெட்டிய துண்டுகளின் டேக் ஒன்றாகிவிட்டால் மறுபடி இணைக்கலாம். உங்கள் பகுதியில் நீங்கள் மூடிய தடங்களின் எண்களை ஒரு தாளில் குறித்துவைத்து, தீக்காலம் முடியும் ஏப்ரல் கடைசியில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள்.